வெடிப்புக்குள் போன பந்து

காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் மேசை மேல் கிடந்த விசில். கறுப்புக் கயிறு கோத்திருந்தது. வாய் வைக்கும் இடத்தில் பல் பதிந்த தடம். அதன் அடியில் ஒரு துண்டுச் சீட்டு.

சீட்டு தினமும் வரும். எந்த ஆசிரியர் வரவில்லையோ அவருடைய வகுப்புகளை யார் பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியை பச்சை மையில் எழுதி அனுப்புவார். கோவில்பட்டியில் இருந்த அந்தப் பள்ளிக்கு நானே ஒரு பதிலிதான். சமூக அறிவியல் ஆசிரியை பேறுகால விடுப்பில் போனதால் தற்காலிகமாக வந்தவன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் செய்தித்தாளில் நிருபர். ஒருவருக்குப் பதிலாக வந்தவனை எல்லோருக்கும் பதிலாக அனுப்பலாம் என்பது அங்கே நடைமுறை. பள்ளி திறந்த மூன்று வாரத்தில் கணக்கு, அறிவியல், தையல் மூன்றும் பார்த்திருந்தேன். தையல் வகுப்பில் மாணவிகள் என் சட்டையில் விட்டுப்போயிருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தார்கள். கற்பித்தல் என்று அன்று நடந்தது அது மட்டும்.

அன்றைய சீட்டின்படி, பி.டி. சார் பைக்கிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு வாரம் விளையாட்டு வகுப்புகள் எனக்கு. சுற்று வட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிக்குப் பெண்கள் ஹாக்கி அணியின் பட்டியலை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

எனக்கு ஹாக்கி தெரியாது. வீட்டுக்கு ஒருவர் ஹாக்கி ஆடும் கோவில்பட்டியில் இதைச் சொன்னால் அடக்கத்துக்குச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் விளாத்திகுளத்துக்காரன். அன்று முதல் வகுப்பில் ஒரு ஸ்டிக்கை வாங்கி ஒரு பந்தை அடித்துக் காட்டினேன். நாற்பத்திரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பிரெஞ்சுப் புரட்சி நடத்தியபோதுகூட அப்படி ஓர் அமைதி கிடைத்ததில்லை. ஒரு மாணவி எழுந்து வந்து, கால் மாற்றிச் செருப்பு போட்ட குழந்தைக்குச் சரிசெய்வதுபோல, என் கையிலிருந்த ஸ்டிக்கைத் திருப்பி வைத்தாள். நான் அடித்தது வளைந்த பக்கத்தால். தட்டையான பக்கத்தால் மட்டுமே அடிக்கலாமாம்.

மதியம் பி.டி. சாருக்குப் போன் செய்தேன். அணியில் ஒரே ஓர் இடம் தவிர மற்ற எல்லாப் பெயர்களையும் மூச்சு விடாமல் சொன்னார். கோல்கீப்பருக்கு இரண்டு பேர் இருந்தார்கள். பள்ளியில் காலில் கட்டும் பேட் ஒரு ஜோடிதான் என்பதால் ஒருத்திதான் போக முடியும். அவர் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

“நீங்களே பாத்து முடிவு பண்ணிருங்க சார். நீங்கதான் நடுநிலையா இருப்பீங்க. உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே.”

இருவரும் ஒன்பதாம் வகுப்பு. ஒருத்தி உயரம், கையை விரித்தால் பாதிக் கோல் நிறைந்துவிடும். வகுப்பில் பாதிப் பேர் அவளுக்குக் கூட்டாளிகள். இன்னொருத்தி குள்ளம். பேட் அவளுக்குத் தொடை வரை ஏறும். கட்டிக்கொண்டு நடந்தால் இரண்டு தலையணைகள் நடந்து வருவதுபோல் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அவள் தனியாக வந்து தன் விஷயத்தைச் சொன்னாள். எட்டயபுரம் ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து வருகிறாள். பயிற்சி முடிந்து ஆறு மணி பஸ்ஸில் போவதற்கு இதுவரை வீட்டில் விட்டிருந்தார்கள்.

“லிஸ்ட்ல பேரு இல்லேன்னா இனிமே நாலரை பஸ்ஸுக்கே வந்துரணும்னு அப்பா சொல்லிட்டாவ சார்.”

பஸ் நேரம் விசாரித்தவர்களுக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

எனக்குத் தெரிந்த வேலை விசாரிப்பது. மூன்று நாட்களில் ஆறு பேரிடம் கேட்டேன். ஆறு பேரும் ஒரு காலத்தில் ஏதோ ஓர் அணிக்கு ஆடியவர்கள்; ஆறு பேரும் ஆறு விதமாகச் சொன்னார்கள். உயரம்தான் முக்கியம் என்றார் பஸ் கண்டக்டர். உயரமானவர்களுக்குக் குனிய நேரமாகும் என்றார் பள்ளிச் சுவரை ஒட்டிக் கடை போட்டிருந்த டீக்கடைக்காரர். முடி திருத்துபவர், பாதி சவரத்தில் இருந்த வாடிக்கையாளரின் தலையைக் கோல் கம்பமாக வைத்துச் சீப்பால் விளக்கினார். வாடிக்கையாளர் சோப்பு நுரையோடு அதை மறுத்தார். அவரும் ஆடியவர்.

வெள்ளிக்கிழமை காலை பத்து ஐம்பதுக்குத் தேர்வு வைத்தேன். மைதானம் கரிசல் தரை. ஆடி பிறக்கப் போகிறது, மழையில்லை. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சில வெடிப்புகளில் கை முழங்கை வரை போகும். இதற்கென்று பள்ளியில் ஒரு விதி உண்டு: பந்து வெடிப்புக்குள் விழுந்தால், எடுத்து மறுபடி அடிக்க வேண்டும். எந்த விதிப் புத்தகத்திலும் அது இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆளுக்குப் பத்துப் பந்து. அடிப்பவர்கள் அணியிலிருந்த நான்கு பேர். யார் அடித்தது, எங்கிருந்து, எந்தப் பக்கம் என்று பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். உயரமானவள் எட்டு தடுத்தாள். குள்ளமானவள் மூன்று. விசிலை வாயில் வைத்துவிட்டேன். ஊதுவதற்கு முன் ஒருமுறை குறிப்பைப் படித்தேன். உயரமானவள் தடுத்த எட்டுப் பந்துகளும் தூரத்திலிருந்து, நேராகக் காலுக்கு வந்தவை. மற்றவளுக்கு வந்தவை ஐந்து தப்படியிலிருந்து, மூலைக்கு. முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விகள் பத்திரிகையாளர் சந்திப்பில் எப்படி வந்து விழும் என்று நான் நிறையப் பார்த்தவன். முடிவு செல்லாது என்று அறிவித்தேன்.

கூச்சல் கிளம்பியது. சுவருக்கு மேல் டீக்கடைக்காரரும் மூன்று வாடிக்கையாளர்களும் கிளாஸோடு தெரிந்தார்கள். டீக்கடைக்காரர் அடித்தவர்களைப் பார்த்துக் கத்தினார்.

“ஏட்டி, கூட்டாளிக்கு மட்டும் பந்த உருட்டி விடுதிய. அந்தப் பிள்ளைக்குக் குண்டால்லா போடுதிய.”

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார். அவர் வராந்தாவில் நடந்தால் மின்விசிறிகூடக் கிறீச்சிடாது. நடந்ததைச் சொன்னேன். கையை நீட்டினார். குறிப்பேட்டைக் கொடுத்தேன்.

“அது இல்ல சார். ஸ்டிக்.”

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். சுவரின் மேல் ஒரு குரல், மேடம் ஒரு காலத்தில் லெஃப்ட் அவுட் இடத்தில் ஆடியவர் என்று பக்கத்தில் இருந்தவருக்குத் தகவல் சொன்னது. ஆளுக்கு ஐந்து பந்து, தானே அடிப்பதாகத் தலைமையாசிரியை சொன்னார். உயரமானவள் மூன்று தடுத்தாள். குள்ளமானவள் நான்கு பந்துகளில் மூன்று தடுத்திருந்தாள். ஐந்தாவது பந்து தரையோடு வந்தது. அவள் அசையவில்லை. கோட்டுக்கு இரண்டடி முன்னால் பந்து காணாமல் போனது.

வெடிப்பு விழுங்கிவிட்டது. ஒருவர் கை விட்டுப் பார்த்தார். இரண்டு ஸ்டிக்குகளை விட்டுத் துழாவினார்கள். டீக்கடைக்காரர் நீளக் கைப்பிடிக் கரண்டியைச் சுவர் வழியாகக் கொடுத்தார். பந்து பக்கவாட்டில் எங்கோ நகர்ந்துவிட்டிருந்தது. வெளியே இருந்தது அந்த ஒரு பந்துதான்; மற்ற பந்துகள் பீரோவில். பீரோச் சாவி பி.டி. சாரின் பேண்ட் பையில், பேண்ட் ஆஸ்பத்திரியில். மணி பதினொன்று முப்பத்தெட்டு. மறுபடி அடிக்கப் பந்து இல்லை.

அவள் பந்தைத் தொடவேயில்லை என்றது ஒரு கட்சி. கோல் விழவில்லையே என்றது சுவர். தலைமையாசிரியை முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடித்தவள் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று என்னைக் காட்டிவிட்டார். நான் அந்தப் பெண்ணிடம் ஏன் அசையவில்லை என்று கேட்டேன்.

“எடது பக்கம் கொஞ்சம் எடம் விட்டுத்தான் நிப்பேன் சார். அடிக்கவிய அங்கனதான் அடிப்பாவ. அங்கன வெடிப்பு கெடக்கு.”

தலைமையாசிரியை ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு வெடிப்பைக் குனிந்து பார்த்தார். உயரமானவள் அவள் பக்கத்தில் வந்தாள்.

“ஏட்டி, இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீயும் நிப்பேல்லா.”

உயரமானவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் இருந்த தகவல்கள் இரண்டு. பந்து கோலுக்குள் போகவில்லை. அது போகாததற்கு ஒருத்தி காரணம். பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கோல்கீப்பர் என்ற வரிக்கு எதிரே குள்ளமானவளின் பெயரை எழுதினேன். எழுத்தர் நான்கு நிமிடத்தில் பட்டியலை அனுப்பிவிட்டார். அவள் அலுவலக வாசலில் நின்று அது போய்விட்டதா என்று இரண்டு முறை கேட்டாள்.

அடுத்த புதன்கிழமை குறுவட்டப் போட்டிக்கு அணியைக் கூட்டிக்கொண்டு போனேன். மைதானம் முழுக்கச் செயற்கைப் புல் விரித்திருந்தார்கள்.