மாமா செய்த தகரப் பீலி

அந்தச் சனிக்கிழமை பன்விலவில் எங்கள் வீட்டில் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்:

1. கூரைத் தண்ணீரைப் பீப்பாவில் சேர்க்க மாமா ஒரு தகரப் பீலி செய்தார்.
2. மழை பெய்தது.
3. பீலி வாசலுக்கு நேர் மேலே பிளந்துகொண்டது.
4. அதன் வழியாகப் பீப்பாவுக்கு ஒரு சொட்டும் போகவில்லை.
5. பீப்பா நிரம்பியது.

நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றோடொன்று ஒட்டாது என்பது எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். அதனால்தான் அத்தனை எரிச்சல்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. தகர வேலை படிக்கக் கண்டியில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தார். அப்பாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. மற்றப் பையன்களைப் போலக் கொழும்பில் ஒரு கடையில் சேர்ந்தால் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்குமே என்பார். அம்மா விடாமல் பேசிப் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். மாமா வீட்டுக்குப் பீலி செய்து மாட்ட வேண்டும். மழைக்குப் பீப்பா நிரம்பினால் வகுப்பு தொடரும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை கொழும்பு பஸ்.

சிக்கல் என்னவென்றால், வகுப்பில் மாமா அதுவரை தகரத்தைத் தொட்டதே இல்லை. புதியவர்களுக்கு முதலில் அட்டைதான் கொடுப்பார்கள். செய்யப்போகும் பொருளை அட்டையில் விரித்து வரைந்து, வெட்டி, மடித்து, ஓரத்தோடு ஓரம் வைத்து டேப் ஒட்ட வேண்டும். நல்ல முறைதான், தகரம் வீணாகாது. மாமாவும் பிஸ்கட் பெட்டிகளைக் கிழித்து அட்டையில் இரண்டு துண்டுகளாக ஒரு பீலி செய்தார். கூரையின் கீழ் பிடித்துப் பார்த்தால் கச்சிதம். பிறகு அதைப் பிரித்துத் தகரத்தின்மேல் வைத்து, ஆணியால் கோடு கீறி, அந்தக் கோட்டிலேயே வெட்டினார்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. அட்டைக்கு டேப் போதும். தகரத்தில் ஒரு துண்டின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறி உட்கார வேண்டும். அதற்கென்று கூடுதலாக ஓர் அங்குலமாவது விட்டுத்தான் வெட்ட வேண்டும். மாமா ஒரு நூல்கூட விடவில்லை. இரண்டு துண்டுகளையும் கம்பியால் கூரையில் கட்டி, முட்டிக்கொண்டு நின்ற ஓரங்களுக்கு நடுவில் தார் பூசினார்.

“தார் மட்டும் போதுமா மாமா?” என்று கேட்டேன்.

“ரோட்டையே புடிச்சு வச்சிருக்கு, இந்தத் தண்ணிய புடிக்காதா?”

அம்மா அதற்குப் பெருமையாகச் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மத்தியானம் மழை பிடித்தது. தார் உரிந்து தொங்க, கூரைத் தண்ணீர் முழுவதும் வாசற்படியில் கொட்டியது. மாமா ஏணியில் ஏறிப் பிளவைக் கையால் பொத்தினார்.

“அக்கா, ஒரு துணி குடு!”

“துணியால பீலி செய்யவா கண்டிக்குப் போன? இறங்குடா.”

அம்மா வாளியைப் பிளவுக்குக் கீழே வைத்தார். நிரம்பியதும் தூக்கிப்போய்ப் பீப்பாவில் ஊற்றினார். திரும்ப வந்து மறுபடியும் வைத்தார். மாமா இன்னொரு வாளியோடு பின்னால் ஓடினார். பீலியின் வேலையை இரண்டு பேரும் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். “அப்ப பீலி எதுக்கு?” என்று கேட்டதற்கு, “உள்ள போ, தடிமன் புடிக்கும்” என்று அம்மாவிடமிருந்து பதில் வந்தது.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மழை தூறலாகியிருந்தது. வாசலில் நின்று குடையை மடக்கினார். பிளவிலிருந்து தண்ணீர் அவர் பிடரியில் சொட்டியது. அண்ணாந்து பார்த்தார். பீப்பாவைப் பார்த்தார். அம்மாவின் நனைந்த தலையையும், தார் அப்பிய மாமாவின் கைகளையும் பார்த்தார். பிறகு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

“என்ன மாப்ளே, பீப்பா பத்தாது போலிருக்கே?”

“மச்சான், அது வந்து...”

“திங்கக்கிழம வகுப்புக்கு நேரத்தோட கெளம்பு.” அம்மாவிடம், “நீ போய் மொதல்ல தலையத் தொவட்டு” என்றார்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். “அப்பா, மேல பாருங்க! ஒடஞ்சிருக்கு!”

“ஆமா, ஆமா. பீப்பா ரொம்பிருச்சில்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிடரியில் சொட்டியும் உறைக்காத மனிதரை இயந்திரங்களுக்கு அருகில் எப்படி வேலைக்கு விடுகிறார்கள் என்று அன்று முழுவதும் குமைந்தேன். பிளவு, வாளி, பீப்பா எல்லாவற்றையும் சரியாகத்தான் கவனித்திருந்தேன். அம்மாவின் ஈரத் தலையை அப்பா பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சிறிது நேரத்தை மட்டும் கணக்கில் சேர்க்கத் தெரியவில்லை.

மாமா வகுப்பை முடித்தார். இப்போது திகனயில் ஹோட்டல் சமையலறைகளுக்குப் புகைபோக்கி செய்து கொடுக்கிறார். நான் கண்டியில் புதிய பயிற்சியாளர்களுக்குத் தகர வேலை சொல்லிக்கொடுக்கிறேன். அன்று அப்பா ஏமாந்துவிட்டார் என்றுதான் மாமா இன்றும் நம்புகிறார். “மச்சானுக்கு வேலைக் களைப்பு, கவனிக்கல” என்கிறார். அப்பா மறுத்துப் பேசுவதில்லை.