டீசல் பட்ட ரப்பர்

மண்டபத்தூர் மாரிக்கண்ணு பதினான்கு ஆண்டுகள் விசைப்படகு எஞ்சின்களோடு பழகியவர். உப்போ கரியோ ஏறிய எதையும் டீசலில் நனைத்த துணியால் துடைப்பது அவர் கையில் ஊறிய வழக்கம். கோட்டுச்சேரி சாலையில் கார் பட்டறை வைத்து ஆறு ஆண்டுகளாகியும் அந்தக் கை மாறவில்லை.

அன்று ஜெய்னுலாபுதீனின் கார் வந்திருந்தது. முன்சக்கரத் தட்டுகளைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர்களுக்கு அழகுக்காகச் சிவப்புப் பூச வேண்டும். மறுநாள் விடியலில் அதில்தான் அவர் மகள் அஃபீஃபாவோடு திருச்சி விமான நிலையம் சென்று மருமகனை அழைத்துவர வேண்டும். இடது காலிப்பர் முறைப்படி முடிந்தது. பிரேக் குழாய் இழுபடாமல் அதைக் கம்பியில் தொங்கவிட்டு, கடற்காற்று ஏற்றிய துருவைச் சுரண்டி, பிரேக் கிளீனர் அடித்து, உப்புத்தாளால் தேய்த்து, ரப்பரை டேப்பால் மூடி, சிவப்புப் பூசினார்.

வலப்பக்கத்தில் பாதி வேலையில் கிளீனர் தீர்ந்தது; கை தன்போக்கில் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்தது. துடைத்து முடித்த பிறகுதான் டீசல் வாசனை மூக்கில் ஏறியது. பிஸ்டனைச் சுற்றித் தூசி புகாமல் காக்கும் ரப்பர் உறையிலோ ஒரு கிழிசல். உள்ளிருக்கும் ரப்பர் வளையம் டீசல் பட்டால் ஊதிப்போகும்; பிரேக் இறுகும், அல்லது ஒழுகும். எப்போதென்று யாராலும் சொல்ல இயலாது.

டேப் ஒட்டினார், பிரித்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். வண்ணம் பூசிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

“என்னப்பா மாரி, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்துறே? போட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற நெனப்புல மீன் படம் கீன் படம் வரைஞ்சிடாதே,” என்றார் காத்திருந்த ஜெய்னுலாபுதீன்.

மாரிக்கண்ணு நாகப்பட்டினம் உதிரிபாகக் கடைக்குப் பேசினார். புது வளையம் மறுநாள் மதியப் பேருந்தில்தான் வருமாம். போனை வைத்தவர், பிரேக் குழாயின் போல்ட்டைக் கழற்றினார்.

“அதை ஏம்ப்பா கழட்டுறே?”

“மறந்தாப்ல டீசல்ல தொடச்சிட்டேன் பாய். உள்ள போயிருக்கும். வண்டி நாளைக்கு மதியத்துக்கு மேலதாங்க.”

“அப்ப திருச்சிக்கு நான் நடந்தா போறது?”

மாரிக்கண்ணு காற்றுக்குழாயை எடுத்தார். காற்றடித்துப் பிஸ்டனை வெளியே தள்ளி, வளையத்தை நெம்பி எடுத்தார்.

“ஊதியிருக்கா?”

“கண்ணுக்குத் தெரியலங்க. நல்லாத்தான் இருக்கு.”

ஜெய்னுலாபுதீன் வளையத்தை வாங்கி முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். போனை எடுத்தார்.

“மச்சான் நூர் அகமது, விடியக்காலை உன் வண்டி வேணும். இல்ல, என்னுது ரிப்பேர் இல்ல. மாரி பிரிச்சுப் போட்டிருக்கான்.”

மாரிக்கண்ணு டீசல் டின்னை எடுத்துப்போய்ப் பட்டறைக்கு வெளியே வைத்தார்.