ராணி கேரியர்

தொலைந்துபோனால் எல்லம்மாவுக்குத் தூக்கம் வராத பொருள் ஒன்றுதான்: டிபன் கேரியர். ஜோகுபாளையத்து வீட்டில் மத்தியானச் சாப்பாடு சமைத்து அனுப்புவது அவள் தொழில். கணவன் கோவிந்தன் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டுபோய்க் கொடுப்பான். எந்தக் கேரியர் யாருடையது என்று பெயர் எழுத வேண்டியதில்லை. நெளிவைத் தடவியே சொல்லிவிடுவாள். ஒன்று திரும்பி வராவிட்டால் அன்று வீட்டு ரசத்தில் புளி கூடிவிடும்.

அதற்கு அடுத்த பிரியம் ராணி. காக்கர் ஸ்பேனியல் நாய், தேன் நிறம். மாடியில் குடியிருந்த மௌரீன் ஆஸ்திரேலியாவிலிருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, "ஆறே மாசம், எல்லம்மா" என்று விட்டுவிட்டுப் போனாள். மகளுக்கு ஒரு குழந்தை பிறந்தது, பிறகு இன்னொன்று. ராணி கீழ்வீட்டு நாயாகிவிட்டது. அதன் நீளக் காதுகள் தட்டில் தோய்ந்து குழம்பாகும் என்பதால் சாப்பாட்டு நேரத்தில் எல்லம்மா தன் தலைமுடி ரப்பர் பேண்டால் இரண்டையும் உச்சியில் சேர்த்துக் கட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி உட்கார்ந்து ராணி தயிர் சாதம் தின்னும்.

ராணி ஒரு முறையாவது குட்டி போட வேண்டும், அதில் ஒன்று தன்னிடமே வளர வேண்டும் என்பது எல்லம்மாவின் ஆசை. கால்நடை டாக்டர் கிருத்திகா கறாராகச் சொல்லிவிட்டாள்: "வயசு ஏறுது எல்லம்மா. இந்தத் தடவை இல்லன்னா விட்டுடுங்க."

மாப்பிள்ளை இரண்டு தெரு தள்ளி இருந்தான். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற டிரேவர் வளர்க்கும் டியூக். அவனும் அதே சாதி, செம்பட்டை நிறம்.

"ராணி நல்ல பொண்ணுதான். ஆனா டெஸ்ட் எடுக்காம டியூக் கிட்ட விடமாட்டேன், மேன்" என்றார் டிரேவர்.

"இன்னா டெஸ்ட்டு சார்? ஜாதகமா?"

"கண்ணு டெஸ்ட். பரம்பரையா வர்றது."

அவருக்குக் காரணம் இருந்தது. டியூக்குக்கு முன்னால் வளர்த்த புரூனோவுக்கு நடுவயதிலேயே பார்வை போய்விட்டது. வீட்டை மனப்பாடம் செய்து நடந்தது. அது சாகும்வரை டிரேவர் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. கிறிஸ்துமஸ் மரத்தை மேஜைமேல் வைத்தார்.

கிருத்திகாவும் அந்த நோயைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிக்காக ஊரிலுள்ள காக்கர் நாய்களிடம் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தாள். ராணிக்கும் டியூக்குக்கும் ஒரே நாளில் கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினார்கள். அன்று எல்லம்மா கிளினிக்கில் இருப்பவர்களுக்கு எலுமிச்சம் சாதம் கொண்டுபோயிருந்தாள், நாலு அடுக்குக் கேரியரில். எல்லாரும் சாப்பிட்டார்கள். கேரியர் திரும்பவில்லை. காலிக் கேரியர்களை எடுத்துவருகிற கோவிந்தன்தான் எங்கோ வைத்துவிட்டான் என்று தீர்மானமாகி, அவன் வாரக்கணக்கில் பேச்சு வாங்கினான்.

ஒரு நாள் அவன் டெலிவரியில் இருந்தபோது கிளினிக்கிலிருந்து போன் வந்தது. பேசியது அங்கே வேலை பார்க்கும் சிந்து. "ராணி கேரியர்னு வந்திருக்கு, அக்காவ வரச் சொல்லுங்க" என்றாள். பஸ் ஹாரனில் அந்த 'னு' மட்டும் அவன் காதில் விழவில்லை.

"எல்லம்மா, ராணி கேரியர் வந்திருச்சாம். போய் வாங்கிக்கோ" என்று வீட்டுக்குத் தகவல் சொன்னான், ஜெயித்த குரலில்.

எல்லம்மா துணிப்பையை உதறி எடுத்துக்கொண்டு, ராணியையும் கூட்டிக்கொண்டு போனாள்.

கிருத்திகா அவளை உட்காரவைத்து மெதுவாக ஆரம்பித்தாள். "ராணி கேரியர், எல்லம்மா. பயப்படாதீங்க."

"நான் ஏன் பயப்படப் போறேன் டாக்டரம்மா. கிடைச்சுதே, அது போதும். நாலு அடுக்கும் பத்திரமா கீதா?"

"என்ன அடுக்கு?"

"மூடி கொஞ்சம் நெளிஞ்சிருக்கும். அது முன்னாடியே இருந்ததுதான்."

முதலில் புரிந்தது சிந்துவுக்குத்தான். மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், அலமாரி குலுங்கியது.

கிருத்திகாவும் சிரித்துவிட்டுப் பிறகு கேட்டாள். "கேரியர் சாப்பாட்டைச் சுமக்குது. அது சாப்பிடுதா?"

"அது எப்படிச் சாப்பிடும்?"

"அதேதான். ராணி அந்த நோயைச் சுமக்குது. அதுக்கு வராது. ஆனா குட்டிக்குக் கொடுக்கலாம்."

எல்லம்மா ராணியின் கண்களைப் பார்த்தாள். அவை அவள் கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அப்ப டியூக்கு?"

சுவரோரம் பெஞ்சில் டிரேவர் டியூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இவனும் கேரியர்தான், மேன்" என்றார்.

இரண்டு கேரியர்கள் சேர்ந்தால் சராசரியாக நாலு குட்டிகளில் ஒன்றுக்குப் பார்வை போகும் என்றாள் கிருத்திகா.

"மூணு நல்லாத்தானே..." என்று தொடங்கிய டிரேவர் நிறுத்திக்கொண்டார்.

எல்லம்மாவுக்கும் அதே கணக்குத்தான் மனதில் ஓடியது. இந்த முறை விட்டால் இனி இல்லை. அவள் குனிந்து, கட்டாத காதுகளைச் சரிசெய்தாள்.

"நாலு அடுக்குல ஒரு அடுக்கு ஊசிப்போகும்னு தெரிஞ்சே யார் வீட்டுக்கு சார் அனுப்புறது? வேணாம்."

கிருத்திகா கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். "பொம்மனஹள்ளியில ஒரு பையன் இருக்கான், ஜாக்கி. ஆராய்ச்சிக்கு மாதிரி கொடுத்தவன். சுத்தமா கிளியர், நோயைச் சுமக்கவே இல்ல. கிளியரும் கேரியரும் சேர்ந்தா சில குட்டிங்க கேரியரா இருக்கலாம், ஆனா ஒண்ணுக்கும் இந்த நோய் வராது. ஓனர் ஹரிஷ்குமார்கிட்ட கேட்டுப் பார்க்கட்டுமா? ஆனா ஜாக்கி நல்ல கருப்பு."

"கருப்பா?" என்றார் டிரேவர்.

"உங்க பையன் செவப்புதான் சார். இன்னா பிரயோஜனம்?"

பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்துவிட்டு ஹரிஷ்குமாரே ஜாக்கியை அழைத்துவந்தான். அவனுக்கு வத்தக்குழம்பு கிடைத்தது. ராணிக்கு ஐந்து குட்டிகள் பிறந்தன. மூன்று கருப்பு, இரண்டு தேன் நிறம். பார்க்க வந்த டிரேவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இருப்பதிலேயே கருப்பான குட்டியைத் தூக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பால்குடி மறந்ததும் குட்டியைக் கொண்டுபோக அவர் வந்தபோது, ராணிக்கென்று பிஸ்கட் கொண்டுவந்தார். எல்லம்மா அதை வாங்கினாள். மூடியின் நெளிவைக் கட்டைவிரலால் தடவினாள்.

"சார், இது ஏது?"

"அன்னிக்குக் கிளினிக்ல மிச்ச லெமன் ரைஸை எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. அப்புறம் டியூக் பிஸ்கட் போட வசதியா இருந்துச்சு."

"அப்ப ரெண்டு கேரியரும் உங்க வீட்லதானா?"

உள்ளே ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்த கோவிந்தன் வாசலுக்கு வந்து நின்றான். "இப்ப எனக்கு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லலாம்" என்றான்.

"ரசம் இன்னிக்கு நல்லா இருக்கும்" என்றாள் எல்லம்மா.

தன்னிடமே வைத்துக்கொண்ட தேன் நிறக் குட்டிக்கும் பிறகு பஞ்சுக் குச்சி போட்டார்கள். போனை எடுத்தது மறுபடியும் கோவிந்தன்தான். வண்டியை ஓரமாக நிறுத்தி, முழுவதையும் கேட்டு, வீட்டுக்கு வந்து சொன்னான்:

"குட்டி கேரியர்னு வந்திருக்கு. 'னு'. கேட்டுச்சா? துணிப்பை வேணாம்."