கேட்காமல் விட்ட ‘அப்புறம்?’

மனநல ஆஸ்பத்திரியின் மாடியில் அவளுக்கு ‘மார்க்கு அக்கா’ என்று பெயர். நோயாளிகள் வைத்த பெயர். மனசில் இருப்பதைப் பேசவைத்தே குணமாக்கும் பேச்சு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் முதலில் அவள் அறைக்குள் போய்வர வேண்டும். அட்டையில் இருக்கும் சம்பவங்களை அவள் படிப்பாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி: உங்களுக்கு எப்படி இருக்கும்? அந்த இன்னொருத்தருக்கு எப்படி இருக்கும்? தலைவலி, நெஞ்சடைப்பு என்று உடம்பை மட்டும் சொன்னால் ஒரே மார்க். கோபம், பயம் என்று சொன்னால் கூடுதல். மனசில் கலந்து கிடப்பதைப் பிரித்துச் சொல்லி, தன்னுடையது வேறு, அடுத்தவருடையது வேறு என்றும் சொல்லிவிட்டால் முழு மார்க். மார்க் குறைந்தால் மாத்திரையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பேச்சு வைத்தியத்துக்கு இடம் அவ்வளவு குறைவு.

ஒரு கேள்விக்கு ஒரு தடவை அவள் “அப்புறம்?” என்று கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும் என்று விதி இல்லை. ஆனால் எல்லாரிடமும் கேட்பாள். அவள் கேட்கிற பக்குவத்தில் கல்லுளிமங்கனும் வாயைத் திறப்பான். அந்த ஒரு சொல்லால் கரையேறியவர்கள் ஏராளம்.

அன்று வந்தவள் அவளுடைய சொந்தத் தங்கை. கைக்குழந்தையைப் பறிகொடுத்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் துரும்பாய் இளைத்திருந்தாள். சொந்தக்காரர்களுக்கு மார்க் போடக்கூடாது. டாக்டருக்கு உறவு தெரியாது. “நீயே கேளுக்கா, வேற ஆளுகிட்ட எனக்கு வாயே வராது” என்று தங்கை கெஞ்சியிருந்தாள். அக்காவும் டாக்டரிடம் மூச்சு விடவில்லை.

தங்கைக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய். படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் இவள். அம்மா சாகும்போது கேட்டதோ, “சின்னவ வந்தாளா?” என்றுதான். அந்தக் கேள்வி இவள் வயிற்றில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அட்டையைப் பார்த்தே படித்தாள். “நீங்களும் உங்களுக்கு நெருங்கின ஒருத்தரும் ஒரே போட்டிக்குப் போறீங்க. பரிசு அவங்களுக்குக் கிடைக்குது. உங்களுக்கு எப்படி இருக்கும்?”

“என்னக்கா, நீங்க வாங்கன்னு?”

“பதில் சொல்லுங்க.”

“தொண்டை அடைச்சுக்கும்.”

“அவங்களுக்கு?”

“தெரியல.”

அக்கா ஒரு மார்க் போட்டாள். அட்டையைப் புரட்டினாள். அடுத்ததற்கு, “கை நடுங்கும்.” அதற்கும் ஒன்று. ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் தங்கை இன்னும் ஏதோ சொல்ல வருகிறவள் போல அவள் முகத்தையே பார்த்தாள். அக்கா நிமிரவில்லை. ஒரு தடவைகூட அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதை அவள் நன்றாகவே உணர்ந்தாள்.

கூட்டி முடித்தாள். “பேச்சு வைத்தியம் உனக்கு ஒத்துவராது. வெளிய உக்காரு, மாத்திரை எழுதித் தருவாங்க.”

தங்கை கதவுவரை போய்த் திரும்பினாள். அழவில்லை.

“எனக்கு முன்னாடி வந்த ஆளுங்களை எல்லாம் ‘அப்புறம்?’னு கேட்டே. வெளிய கேட்டுச்சு. என்னைக் கேக்கல.”

அக்கா அட்டைகளை அடுக்கினாள்.

“அம்மா என்னைத் தேடினது உனக்கு இன்னும் ஆறல. நான் இப்படி ஆனதுல உனக்குக் கொஞ்சம் திருப்தி. தங்கச்சி விஷயத்துல திருப்திப்படுறோமேன்னு உனக்கே உன்மேல அருவருப்பு. அதான் என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கிற. எனக்குக் கோவம் வரலக்கா. உன்னைப் பாத்தா பாவமா இருக்கு. பயமாவும் இருக்கு.”

முழு மார்க். இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒரு பதிலை அவள் கேட்டதில்லை. பக்கத்து அறையில்தான் டாக்டர் இருந்தார். மார்க் போட்ட தாள் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“பரீட்சை முடிஞ்சு போச்சு” என்றாள்.

தங்கை வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்து ஒரு லாரி டிரைவர் உள்ளே வந்தார். அக்கா கதவைச் சாத்தவில்லை. சம்பவத்தைப் படித்தாள்.

“மார்ல பாறாங்கல்லு வச்ச மாதிரி இருக்கும்மா” என்றார் டிரைவர்.

“அப்புறம்?” என்று கேட்டாள் அக்கா, பெஞ்சு வரை கேட்கும்படி, அத்தனை அன்பாக.