டிசம்பரில் வெந்த துரை

ஆம்பூரில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் முசாபரி பங்களாவின் காவலாளி சாமுவேலுக்கு, வெயிலைப் பற்றி யாராவது குறை சொன்னால் பொறுக்காது. ஏதோ தானே விடியற்காலையில் எழுந்து மூட்டிவிட்ட வெயில் மாதிரி மனசு சங்கடப்படும். தோல் வாங்க வருகிற துரைகளும் மெட்ராஸ் வியாபாரிகளும் சித்திரை மாதத்தில் ரயிலை விட்டு இறங்கி, "ஐயோ, என்ன வெயில்!" என்று வந்து நிற்பார்கள். "இதுக்கே இப்படிச் சொன்னா எப்படிங்க? அக்கினி நட்சத்திரம் இன்னும் பொறக்கவே இல்லீங்களே" என்று சாமுவேல் ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதலைக் கேட்டு மறுநாளே மூட்டை கட்டியவர்கள் உண்டு.

குளிர்தான் அவருக்குப் பகை. மார்கழி பிறந்துவிட்டால் காதைச் சுற்றி மப்ளர், அதன் மேல் கம்பளி, அதற்கும் மேல் ஒரு கோணிச் சாக்கு. வெளியே தெரிவது இரண்டு கண்கள்தான். தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போகிறவர்கள், "சாமுவேலு, உள்ளதான் இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் பதில் சொல்ல மாட்டார். வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம் டிசம்பரில், ஸ்காட்லாந்திலிருந்து கில்மர் துரை ஆட்டுத்தோல் வாங்க வந்தார். மெல்லிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மலையைப் பார்த்து மூச்சை நன்றாக இழுத்து விட்டுச் சிரித்தார். சாமுவேலுக்குப் பார்க்கவே குளிரெடுத்தது. பாவம், இந்த மனுஷனுக்குப் போட்டுக்கொள்ள ஒரு கோட்டுகூட இல்லையே!

துரை ஊரைச் சுற்றிவிட்டுப் பொழுது சாயத் திரும்புவதற்குள் சாமுவேல் எல்லா ஜன்னலையும் சாத்தினார். இடுக்குகளில் துணியை அடைத்தார். கட்டிலில் மூன்று கம்பளிகளை விரித்தார். கணப்புச் சட்டி நிறையக் கரியைப் போட்டு, தணல் கனிந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே போன துரை ஐந்தே நிமிஷத்தில் பனியனோடு வெளியே ஓடி வந்தார். முகம் தக்காளிப் பழமாகச் சிவந்திருந்தது, நெற்றியில் வியர்வை கொட்டியது. சாமுவேலுக்குச் சந்தேகமே இல்லை, இது குளிர் ஜுரம். துரை என்னென்னவோ இங்கிலீஷில் கத்தினார். ஜுரத்தில் பிதற்றுகிறார் என்று அவர் தோளில் நாலாவது கம்பளியைப் போர்த்தி, கொதிக்கக் கொதிக்க மிளகுத் தண்ணியை நீட்டினார் சாமுவேல்.

மறுநாள் காலையில் துரை பங்களாவின் புத்தகத்தில் ஏதோ வேகமாக எழுதிவிட்டு ரயிலேறினார். துரைக்குத் தோல் விற்ற ஷாப்பு முதலாளி இஷ்தியாக் அகமது வந்தபோது, சாமுவேல் ஆசையோடு அந்தப் பக்கத்தைக் காட்டிப் படிக்கச் சொன்னார்.

"இந்த ரூம் அடுப்பு மாதிரி இருக்குது, காவலாளி என்னை உயிரோட வாட்டப் பாத்தான்னு எழுதிக்கிறாரு. இன்னா சாமுவேலு, இன்னா பண்ணே?"

"டிசம்பர்லயா சாயபு?" என்றார் சாமுவேல். அவருக்கு அது ஒன்றுதான் விளங்கவில்லை.

புகார் தாலுகா போர்டுக்குப் போனது. ஓவர்சியர் நேரில் வந்து விசாரிப்பார், குற்றம் உண்மையானால் காவலாளி வேலை போய்விடும் என்று காகிதம் வந்தது. இருபத்திரண்டு வருஷ உத்தியோகம். சாமுவேலும் அவர் மனைவி மரியம்மாளும் குடியிருப்பதே பங்களாவின் பின்கட்டில்தான். அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஓவர்சியர் வருகிற அன்று விடிவதற்கு முன்பே கணப்புச் சட்டியை விறகுக் கொட்டகையில் ஒளித்தார். கம்பளிகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். எல்லா ஜன்னலையும் விரியத் திறந்துவிட்டார். குளிக்கிற தண்ணீரைக்கூட முதல் நாளே அண்டாவில் பிடித்து முற்றத்துப் பனியில் வைத்திருந்தார்.

ஓவர்சியர் சுப்பராயன் ஆற்காட்டுக்காரர். காலை ரயிலில் வந்தவர் அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பற்கள் தந்தி அடித்தன.

"எங்கய்யா... அந்தக் கணப்புச் சட்டி?"

"அப்படி ஒரு சட்டியே இந்தப் பங்களாவுல கெடையாதுங்க."

"கம்பளி?"

"கண்ணால பாத்ததே இல்லீங்க."

தன் தோளில் கிடந்த கம்பளி அப்போதுதான் சாமுவேலுக்கு ஞாபகம் வந்தது. சுப்பராயனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கோபத்தோடு அல்ல, ஏக்கத்தோடு. பேனாவை எடுத்தார். விரல் விறைத்து அது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடியும் விழுந்தது.

அதற்கு மேல் சாமுவேலால் தாங்க முடியவில்லை. தன் பங்களாவுக்கு வந்த ஒரு ஆள் தன் கண்ணெதிரே நடுங்குவதா? கம்பளியைக் கழற்றி ஓவர்சியர் மேல் போர்த்தினார். கொட்டகைக்கு ஓடிச் சட்டியை எடுத்து, மரியம்மாளின் அடுப்பிலிருந்து தணலை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்து காலடியில் வைத்தார்.

"இதாங்க அந்தச் சட்டி. தொரைக்கு வச்சவன் நான்தான். பொய் சொல்லிட்டேன். வேல போனாப் போவட்டுங்க, நீங்க நடுங்கறத என்னால பாக்க முடியல."

சுப்பராயன் இரண்டு கைகளையும் தணலுக்கு மேல் நீட்டிக்கொண்டார். பிறகு, "ஜன்னலச் சாத்துய்யா" என்றார். சாமுவேல் சாத்தினார். உள்ளே கதகதப்பு ஏற ஏற ஓவர்சியரின் விரல்களுக்கு உயிர் வந்தது. பேனாவை எடுத்து இங்கிலீஷில் நாலு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்கத் தைரியம் இல்லாமல் சாமுவேல் சுவரோரமாக நின்றார். சுப்பராயனே அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்:

"காவலாளியின் பேரில் குற்றம் ஒன்றும் இல்லை. துரை புது ஆள். நம் ஊர்க் குளிர் அவருக்குப் பழக்கமில்லை."