நாலாவது தண்ணீர்

1938ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. கிழக்கே இருந்து வறண்ட காற்று விட்டு விட்டு அடித்தது. எங்கள் வீட்டில் அப்போது கடிகாரம் கிடையாது. வேப்பமரத்தின் நிழல் மாட்டுக்கொட்டகையின் இரண்டாவது கம்பத்தைத் தொட்டிருந்தது என்பது மட்டும் நினைவிருந்தது. பல வருஷம் கழித்து, அதே ஒன்பதாம் தேதி கைக்கடிகாரத்தோடு போய் நின்று பார்த்துத்தான் மணியை எழுதுகிறேன்.

எனக்கு வயது எட்டு, மேலே நான்கு மாதம்.

எங்கள் காடு பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகும் தடத்தில் இருந்தது. ராகி, சோளம், துவரை, ஆமணக்கு எல்லாமே மழையை நம்பித்தான். அப்பா கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு அடி இறங்கியும் தண்ணீர் வரவில்லை. குடிக்கவும் புழங்கவும் ஓடை மணலில் தோண்டிய ஊற்றுதான். வீட்டிலிருந்து ஊற்றுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது தப்படி. அப்பாவின் அக்கா, புருஷன் இறந்தபின் எங்களோடு வந்துவிட்ட என் அத்தை, நாளைக்கு ஆறு குடம் அங்கிருந்து சுமந்து வருவாள்.

கிணற்றில் ஐந்து ஆட்கள் வேலை செய்தார்கள். நாள் முழுக்கப் பாறையில் சம்மட்டி அடித்துவிட்டு ஏறி வருகிறவர்களுக்குச் சாயங்காலம் ஆளுக்கொரு தம்ளர் சாராயம் கொடுப்பது கூலிப் பேச்சிலேயே சேர்ந்தது. முந்தின அக்டோபரில் எங்கள் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்தது. கடைகளை மூடிவிட்டார்கள். நான்கு மாதம் பொறுத்துப் பார்த்த மேஸ்திரி ஒருநாள் அப்பாவிடம் வந்தார்.

"ஒடம்பு முறியுதுங்க. மைசூர் சீமையில கடை தொறந்துதான் கெடக்குது. அங்க கிணத்து வேலைக்கு ஆள் வந்து கூப்புடுறாங்க. இங்க பாறை ஈரமாத்தான் இருக்குது, இன்னும் நாலடியோ அஞ்சடியோ. ஆனா வெறும் தண்ணியக் குடிச்சுட்டு இனி எறங்க மாட்டோமுங்க."

"வெறும் தண்ணியும் இங்க எங்கப்பா இருக்குது?" என்றார் அப்பா.

அன்று இரவு அப்பாவும் அத்தையும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். மறுநாள் அத்தை ஆறு படி ராகியை ஊறவைத்தாள். ஈரச்சாக்கில் கட்டி, மேலே கல் வைத்து, மூன்று நாள் முளைகட்டினாள். குழந்தைகளுக்குக் கூழ் காய்ச்ச முளைகட்டுவது எல்லா வீட்டிலும் உண்டு. என் தங்கைக்கு எட்டு மாதம். அதனால் யார் கேட்டாலும் குழந்தைக்கு என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. பக்கத்துக் காட்டுக்காரி வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஆறு படியா? உங்க வூட்டுல இருக்கறது கொழந்தையா, யானைக்குட்டியா?"

"எங்க கொழந்தை நல்லாத் திங்கும்," என்றாள் அத்தை, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

முளை ராகியைக் காயவைத்து அரைத்து, சோளக்களியோடு கரைத்து, பாலக்கோட்டு வெல்லம் இரண்டு உருண்டையும் வெள்வேலம்பட்டையும் போட்டுப் பானையின் வாயைக் கட்டி, எருக்குழிக்குள் புதைத்தாள். எருவின் சூட்டில் ஊறல் ஒன்பது நாளில் பதமாகிவிடுமாம். அந்த ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாராயம் காய்ச்சினால் ஜெயில் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லியிருந்தார். எத்தனை மாதம் சார் என்று கேட்டேன். "உக்காருடா" என்றார். அதுதான் என்னை மிகவும் வதைத்தது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று தெரிந்தால் நாளாக்கிப் பார்த்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். எண் தெரியாத தண்டனையை என்ன செய்வது? விடியற்காலையில் எழுந்து எருக்குழியில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே பானை குமிழ்விடும் சத்தம் கேட்கும். தடத்தில் போகிறவர்களுக்கும் அது கேட்கும் என்று நிச்சயமாக நம்பினேன்.

பத்தாம் நாள்தான் அந்தப் புதன்கிழமை. அப்பா கிணற்றில் இருந்தார். அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு துவரை அறுக்கப் போயிருந்தாள். அத்தை என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அந்த வருஷத்தில் நான் போகாத ஒரே நாள் அது.

மாட்டுக்கொட்டகைக்குள் அடுப்பு. அதன்மேல் ஊறல் பானை. அதற்கு மேல், அடியில் ஓட்டைகள் போட்ட இன்னொரு பானை. அதற்குள் ஒரு சின்னக் கலயம். எல்லாவற்றுக்கும் மேலே, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய உருண்டை அடிப் பித்தளைப் பாத்திரம். சந்துகளை ராகி மாவு பூசி அடைத்திருந்தாள். கீழிருந்து எழும் ஆவி மேல் பாத்திரத்தின் குளிர்ந்த அடியில் பட்டுக் கலயத்தில் சொட்டும். மேல் தண்ணீர் சூடானதும் எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒருமுறை மாற்றினால் ஒரு தண்ணீர் என்று கணக்கு.

"எட்டுத் தண்ணியோட நிறுத்திடணும். அதுக்கு மேல எறங்கறது வெறும் புளிச்ச தண்ணி. நீதான்டா எண்ணோணும். தண்ணிக்கு ஒரு கொட்டை," என்று ஒரு பிடி ஆமணக்கு விதையையும் ஒரு சிரட்டையையும் கொடுத்தாள்.

வாசனைக்கும் வழி செய்திருந்தாள். கொட்டகைக்கு வெளியே இன்னொரு அடுப்பில் இடித்த ஆமணக்கு கொதித்தது. விளக்கெண்ணெய் காய்ச்சும் வாடைக்குப் பக்கத்தில் வேறு எது கொதித்தாலும் தெரியாது. எல்லாவற்றையும் யோசித்தவள் ஒன்றை யோசிக்கவில்லை. மேல் பாத்திரத்திலிருந்து எடுத்த தண்ணீரைக் கொட்ட எங்களுக்கு மனம் வராது. ஆயிரத்து நூற்று நாற்பது தப்படி சுமந்த தண்ணீர். குடங்களில் ஊற்றி வாசலோரம் ஆறவைத்திருந்தோம்.

சிரட்டையில் நாலாவது விதையைப் போட்ட கையோடு வாசலில் குரல் கேட்டது.

"வூட்ல யாரு?"

சிவப்புத் தலைப்பாகை, காக்கி நிஜார், கையில் ஒரு காகிதம். போலீஸ்காரர். ஏரியூர்ப் பக்கம் யாருக்கோ சம்மன் கொடுக்க நடந்து போகிறவர். அத்தை கொட்டகைக்குள்ளேயே நின்று, போ என்று எனக்குக் கண் காட்டினாள்.

"தம்பி, ஒரு சொம்பு தண்ணி குடு. நாக்கு ஒட்டிக்கிச்சு."

அவர் சீக்கிரம் போய்விட வேண்டும் என்பதுதான் என் ஒரே எண்ணம். கைக்கு எட்டின, இன்னும் சூடு ஆறாத குடத்தில் மொண்டு நீட்டினேன். ஒரு வாய் குடித்தவர் நிறுத்திவிட்டார். சொம்புக்குள் பார்த்தார். ஆமணக்கு அடுப்பைப் பார்த்தார். கொட்டகைக் கூரையிலிருந்து கசிந்த புகையைப் பார்த்தார். பிறகு குனிந்து, சொந்தக்காரர் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"எத்தனாவது தண்ணி இது?"

"நாலாவதுங்க!"

வகுப்பில் எப்போதும் நான்தான் முதலில் சொல்வேன். விடை ஒரு எண்ணாக இருந்தால் என் நாக்கு நிற்காது.

அவர் சொம்பை முழுதாகக் குடித்து வைத்தார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார்.

"நாலுதானா? அவசரமில்ல. எட்டும் ஆவட்டும். இருந்து பாத்துட்டே போறேன்."

எட்டையும் கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜெயில் என்று எனக்குப் பட்டது. எட்டால் பெருக்கலாம், ஆனால் எதைப் பெருக்குவது? கொட்டகைக்கு ஓடினேன்.

"அத்தே, எட்டும் ஆவட்டும்னு சொல்லி ஒக்காந்துட்டாரு."

"எட்டுன்னு அவனுக்கு எப்பிடிடா தெரியும்?"

"தெரியல. எத்தனாவதுன்னு கேட்டாரு. நாலாவதுன்னு சொன்னேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் ஆறு வரை எண்ணினேன். ஏழாவதில் அவள் உலக்கையை எடுத்து அடுப்புக் கல்லை நெம்பிவிட்டாள். மூன்று பாத்திரமும் ஒன்றாகச் சாய்ந்தன. கொட்டகை முழுக்க ஆவி. மூன்று மாதம் மழை காணாத மண், ஊறலையும் கலயத்தில் இறங்கியிருந்ததையும் நான் முப்பது எண்ணுவதற்குள் குடித்துவிட்டது.

போலீஸ்காரர் ஓடிவந்தார்.

"ஐயோ, என்னக்கா இது! கொட்டிட்டீங்களே!"

"மாட்டுக்குக் கூழு காய்ச்சுனேனுங்க. சாஞ்சு போச்சு."

அவர் குனிந்து, உருண்டு கிடந்த கலயத்தை எடுத்தார். முகத்துக்கு அருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை. தப்புக் கணக்கைப் பார்க்கும்போது வாத்தியாருக்கு வரும் கோபம் அது என்று நினைத்தேன். அத்தை அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். சட்டென்று அவள் குரல் உயர்ந்தது.

"வேணும்னா வேணும்னு வாயத் தொறந்து கேக்கறதுக்கு என்னங்க கேடு!"

"இதைப் போட்டுக்கிட்டு எப்பிடிக்கா கேக்கறது?" என்று காக்கிச் சட்டையைத் தொட்டுக் காட்டினார். கலயத்தைப் பதமாகக் கீழே வைத்துவிட்டு, தலைப்பாகையை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு ஏரியூர்ப் பக்கம் நடந்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தண்ணீர்தானே கேட்டார்? நான் கொடுத்தேனே?

சாயங்காலம் அப்பாவும் மேஸ்திரியும் வந்தார்கள். அப்பா சாய்ந்து கிடந்த பானைகளைப் பார்த்தார். நான் கம்பத்தின் பின்னால் நின்றேன்.

"பானை வுட்டுப் போச்சுப்பா," என்றாள் அத்தை. "நல்லாத்தான் வெச்சேன். தானா வெடிச்சிடுச்சு."

மேஸ்திரியின் முகம் மாறியது. "கிணத்துக்குன்னு காய்ச்சும்போதே பானை வெடிச்சுதா? அப்ப அந்த மண்ணு வேண்டாங்குதுங்க. இனி அங்க இரும்பு வெக்கக் கூடாது."

அப்பா தலையாட்டினார். சகுனம் என்றால் அவர் மறுபேச்சுப் பேசமாட்டார். அத்தை வாயைத் திறந்தாள். கம்பத்தின் பக்கம் பார்த்தாள். மூடிக்கொண்டாள். காலையில் ஐந்து பேரும் மைசூர்ப் பக்கம் கிளம்பிவிட்டார்கள். கிணற்றின் வாயில் அப்பா இலந்தை முள்ளை வெட்டிப் போட்டார். நான் சொன்னதை அத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பத்து நாளுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

அப்பா இருந்தவரை அந்த முள்ளை யாரும் எடுக்கவில்லை. அவர் போன மறுவருஷம், 1947 பிப்ரவரியில், அத்தையே போய் ஆட்களைக் கூட்டிவந்தாள். ஐந்தாவது நாள் கிணற்றுக்குள்ளிருந்து கூச்சல் கேட்டது. கயிற்றை விட்டு அளந்தேன். மேட்டில் நின்றிருந்த அத்தை குனிந்து, "எத்தனாவது அடிடா?" என்றாள்.

நாற்பத்தொன்று. அளந்தது நான்தான், ஆனாலும் அந்த எண் என் வாயில் வரவில்லை. "போதும், வுடு," என்று அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மூன்றே அடி. பானை வெடிக்கவில்லை என்று எந்த நாளிலும் அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு யார் பேர் வெளிவரும் என்பது அவளுக்குத் தெரியும். எட்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை.

ஒன்பது வருஷம், லீப் வருஷம் இரண்டையும் சேர்த்து மூவாயிரத்து இருநூற்று எண்பத்தேழு நாள். மழை நாளும் அவள் காய்ச்சலில் கிடந்த நாளும் என்று நூறு கழித்தேன். மிச்சம் மூவாயிரத்து நூற்று எண்பத்தேழு. நாளைக்கு ஆறு குடம். ஆகமொத்தம் பத்தொன்பதாயிரத்து நூற்று இருபத்திரண்டு குடம்.