செல்லையா அண்ணாச்சி கோட்டை வாசலில் நிற்கிறார்

1. அட்டைப்பெட்டி

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி என் முன்னால் ஓர் அட்டைப்பெட்டியை வைத்தார். உள்ளே நாற்பது ஐம்பது கேசட்டுகள் இருந்தன.

"எல்லாத்தையும் ஆடிப் பாருய்யா. எது இங்கன ஓடும், எது ஓடாதுன்னு சொல்லு. அதுக்குத்தான் சம்பளம்" என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். முதலாளிக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். கப்பலில் வேலை பார்த்த அவருடைய மைத்துனர் இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் இந்தப் பெட்டியையும் கொண்டுவந்து இறக்கியிருந்தார். தேனி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியைப் பிடித்து, 'வீடியோ கேம் சென்டர்' என்று போர்டு மாட்டினார்கள். வீட்டில் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. "வெளையாடுறதுக்குச் சம்பளமா? யாரு குடுக்கிறது, எதுக்குக் குடுக்கிறான்?" என்று இரண்டு நாள் விசாரித்தார்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த இயந்திரத்தைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ரப்பர் பித்தான் வைத்த ஒரு கீபோர்டு; அதற்குள்தான் மொத்தக் கம்ப்யூட்டரும். ஒரு பக்கம் டிவி, மறுபக்கம் டேப் ரெக்கார்டர். ஆட்டம் கேசட்டிலிருந்து ஏற வேண்டும். ஏறும்வரை பெட்டி கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கும். டேப் ரெக்கார்டரின் ஹெட்டில் அழுக்கிருந்தால் பாதியில் நின்றுவிடும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கரண்ட் போனால் ஆடியது அத்தனையும் போச்சு. ஆகவே ஆடிய இடத்தை இன்னொரு கேசட்டில் பதிந்துவைப்போம். மறுநாள் அதை ஏற்றினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

2. கருத்து சொல்வது

என் கருத்துகளை முதலாளி வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அதில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வானத்திலிருந்து இறங்கும் கப்பல்களைச் சுடுகிற ஆட்டங்கள் ஏழெட்டு இருந்தன. கூட்டம் அதற்குத்தான். இரண்டு நிமிடத்தில் ஆள் தோற்றுவிடுவான், அடுத்தவன் உட்காரலாம். வியாபாரத்துக்கு நல்லது, ஆட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு கார் பந்தயம் இருந்தது. அதை எழுதியவர் மலைப்பாதையைப் பார்த்ததே இல்லை என்று இங்கே உடனே தெரிந்துவிட்டது. குமுளி மெட்டில் லாரி ஓட்டுகிற ஒருவர் ஒரே ஒருமுறை ஆடிவிட்டு, "கொண்டை ஊசி வளைவுல ஹாரன் அடிக்காமப் போறான்யா, இவனுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தா?" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்குப் பிடித்தவை வேறு. பெட்டியின் அடியில் சில கேசட்டுகளுக்கு அச்சடித்த அட்டையே கிடையாது. கையால் படம் வரைந்து ஜெராக்ஸ் எடுத்து, மடித்துச் செருகியிருப்பார்கள். பின்பக்கம் ஏதோ ஒரு சீமை ஊர் வீட்டு விலாசம் இருக்கும். கம்பெனி இல்லை, தனி ஆள் ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து எழுதிய ஆட்டம். ஒன்றில் ஒரு வீட்டுக்குள் எலியை விரட்ட வேண்டும். நாம் எந்தக் கதவை அடைத்தோம் என்பதை அந்த எலி நினைவு வைத்துக்கொள்ளும். படம் மோசம், சத்தம் அதைவிட மோசம். ஆனாலும் அதை எழுதியவர் நிஜமாகவே ஓர் எலியோடு போராடியிருக்கிறார் என்பதை நம்பலாம். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பளபளப்பான ஆட்டங்களில் அந்த உயிர் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றுதான் நாங்கள் 'கோட்டை' என்று கூப்பிட்டது. அதில் படமே இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்து. நாம் ஒரு ஆளாக மாறி, பேர் வைத்துக்கொண்டு, காடு மேடு கடந்து ஒரு கோட்டைக்குப் போக வேண்டும். நம் ஆளின் பலம், பசி, தைரியம் மூன்றும் எண்களாக ஓரத்தில் ஏறி இறங்கும். என்ன செய்ய வேண்டும் என்று நாமே டைப் அடிக்க வேண்டும். கடைசியில் கோட்டைக் கதவு, அதன் முன் ஒரு காவலாளி. அவனோடு சண்டை போட்டேன், காசு கொடுத்தேன், ரொட்டியை நீட்டினேன், சாவியைத் திருடப் பார்த்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. மாதக்கணக்கில் முட்டிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் அறிவித்தேன்.

"முடிவே இல்லாத ஆட்டம் சார். எழுதினவன் கதவை வச்சிட்டு, தொறக்க வழி வைக்க மறந்துட்டான்."

"அப்ப அழிச்சிட்டு வேற பதிஞ்சிரு" என்றார். ஏனோ அழிக்காமல் வைத்திருந்தேன்.

3. ரூபி அக்கா

எதிர்சாரியில் 'செல்லையா பாத்திரக் கடை'. செல்லையா அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். கடையை நடத்துவது அவர் மனைவி ரூபி அக்கா. பேரம் பேச அவர் எழுந்து நின்றாலே வந்தவர்கள் பாதி தோற்றுவிடுவார்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை பஜார் அடங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் ஒருநாள் மாடியேறி வந்தார்.

"ஏலே, மேல என்னதான் கத்துது? உன் பெட்டிக்கு வயித்துவலியா?"

சுடுகிற ஆட்டத்தைக் காட்டினேன். "கை வலிக்குது. பேசுற ஆட்டம் எதுவும் இல்லையா?" என்றார். விளையாட்டாகத்தான் கோட்டையை ஏற்றினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் திரையை வாசித்துத் தமிழில் சொல்வேன். அவர் சொல்வதை ஆங்கிலத்தில் அடிப்பேன். ஆளுக்குப் பேர் கேட்டது.

"அக்கா, யாரு பேரு வைக்க?"

"எங்க வீட்டாளு பேரு வை."

"அண்ணாச்சி பேரு..."

"நான் சொல்ல மாட்டேன். அங்கன போர்டுல எழுதியிருக்கு, பாத்து அடி. மனுசன் கடைய விட்டு எங்கயும் நகர்றதில்ல. இங்கனயாவது நாலு ஊரு பாக்கட்டும்."

இப்படித் தொடங்கியது. தினமும் இரண்டு மணிக்கு வருவார். "காட்டுக்குள்ள நிக்கிறீக. ஒரு கெழவன் விறகு வெட்டுறான். என்ன செய்றீக?" என்பேன்.

"சாப்ட்டானான்னு கேளு."

"புரியலங்குதுக்கா."

"இதுக்கு எதுக்கு இங்கிலீசு படிச்சுதோ. சரி, வெறகுக்கு ஒரு கை குடுக்கச் சொல்லு."

இயந்திரத்துக்குப் புரியாத இடங்களில் புரியவில்லை என்றே சொல்வேன். அந்த விஷயத்தில் நான் யோக்கியமாகத்தான் இருந்தேன். நாலு மணிக்கு நான் ஆளைக் கேசட்டில் பதிந்ததும் அவர் இறங்கிப் போவார். சாயங்காலம் கடையில் அண்ணாச்சியிடம் அன்றைய பயணத்தைச் சொல்வது ஜன்னல் வழியே தெரியும். கையை வீசி அவர் சொல்ல, அண்ணாச்சி வாய் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

4. அந்த மத்தியானம்

செல்லையா அண்ணாச்சியின் பேர் கொண்ட ஆள் ஒருநாள் கோட்டைக் கதவுக்கு முன்னால் போய் நின்றான். இனி அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். அக்கா முட்டிப் பார்க்கட்டும், பிறகு முடிவில்லாத ஆட்டம் என்று விளக்கலாம் என்று காத்திருந்தேன். முதல் நாள் அக்கா காவலாளியைக் கும்பிடச் சொன்னார், பேசச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் வந்தவுடன், "நம்ம ஆளுகிட்ட என்ன இருக்கு?" என்றார்.

"ஒரு ரொட்டி. அதைக் குடுத்தா வாங்க மாட்டான்கா, நான் பலதடவை குடுத்துப் பாத்துட்டேன்."

"பிச்சைக்காரனுக்கு நீட்டுற மாதிரி நீட்டினா எவன் வாங்குவான்? ரெண்டாப் பிக்கச் சொல்லு. பாதிய அவனுக்குக் குடுத்து, பாதிய இவரு திங்கட்டும். பசியோட நிக்காரு பாரு, ஓரத்துல நம்பரு எறங்கிக்கிட்டே போகுது."

பகிர்ந்துகொள் என்று அடித்தேன். கொடு என்றுதான் அதுவரை அடித்திருந்தேன். காவலாளி எழுந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தான். 'உள்ளே போகிறாயா?' என்று திரை கேட்டது.

பிழைத்தாலும் வருவது எழுத்து, செத்தாலும் வருவது எழுத்து. பக்கத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நான் மாதக்கணக்கில் முட்டியது, முதலாளியிடம் நான் சொன்ன கருத்து, என் படிப்பு எல்லாம் அந்த ஒரு வரியில் காலி.

"என்னலே முழிக்கிற? என்ன போட்டிருக்கு?"

"செத்துட்டாருக்கா" என்றேன்.

அக்காவின் கை கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது.

"அந்த வார்த்தைய ஏன்லே சொன்ன? ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொல்லக் கூடாதா?"

விறுவிறுவென்று இறங்கிப் போனார். ஜன்னலில் பார்த்தேன். அண்ணாச்சி ஓர் எவர்சில்வர் குடத்தை யாருக்கோ எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா தெருவைக் கடந்து, கடைக்குள் போகாமல் படிக்கட்டிலேயே நின்று அவரைப் பார்த்தபடி இருந்தார்.

நான் திரும்பி வந்து, உள்ளே போகிறேன் என்று அடித்தேன். ஒரு முற்றம், ஒரு கிணறு, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி என்று எழுதியவருடைய இரண்டு வரிகள். அவ்வளவுதான். ஓர் ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டு, சொல்ல எந்தக் கருத்தும் இல்லாமல் நான் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

5. அண்ணாச்சி மாடியேறி வந்தது

மறுநாள் இரண்டு மணிக்கு வந்தது செல்லையா அண்ணாச்சி. அதற்குமுன் அவர் எங்கள் மாடிக்கு வந்ததே இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தம்பி, நான் எப்படிச் செத்தேன்?"

நான் பஞ்சை எடுத்து டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைக்கத் தொடங்கினேன்.

"அவ ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சு என் மூக்குல கைய வச்சுப் பாக்கா. எப்படிச் செத்தேன்னு தெரிஞ்சா, அப்படி ஒண்ணும் நடக்காதுன்னு ஆறுதல் சொல்லலாம். அதான் கேக்க வந்தேன்."

அந்த ஆட்டத்தில் நான் அதிகம் செத்தது ஆற்றில்தான். அதுவே வாயில் வந்தது. "ஆத்தைத் தாண்டுறப்ப படகு கவுந்திருச்சுண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டினார். "இல்லையே. அவ என்னையப் படகுல ஏத்த மாட்டாளே. தேக்கடிக்குப் போயிருந்தப்ப எல்லாரும் படகுல போனாக. எனக்குத் தண்ணின்னா பயம். நான் கரையில செருப்புகளுக்குக் காவலா உக்காந்திருந்தேன். இந்த ஆட்டத்துலயே பாலம் தேடி என்னைய மூணு நாள் சுத்திக் கூட்டிட்டுப் போனேன்னு சொன்னாளே."

உண்மைதான். பக்கத்திலேயே படகு கிடக்க, அக்கா ஏன் சுற்றிப் போகச் சொல்கிறார் என்று நானே எரிச்சல்பட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அவ ஜெயிச்சது உனக்குப் பொறுக்கல."

"ஆமாண்ணாச்சி."

"கடையில அவ பேரம் முடிச்சா எனக்கும் உள்ள சுருக்குங்கும். அதுக்காக வந்தவுகளச் சாகடிக்க மாட்டேன்யா."

அக்கா ரொட்டி சொல்வதற்கு முந்தைய நாள் பதிந்தது கேசட்டில் இருந்தது. அதை ஏற்றச் சொன்னார். பழைய எஸ்.எஸ்.எல்.சி. அவர், எழுத்துக் கூட்டி வாசித்தார். என்னை நகரச் சொல்லிவிட்டு ஒற்றை விரலால் அவரே அடித்தார். ரொட்டியைப் பகிர்ந்தார். கதவு திறந்தது.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒரு முற்றம், ஒரு கிணறு அண்ணாச்சி."

"நீ பாத்துட்டியாக்கும்."

அவர் யோசித்தார். பிறகு, போகவில்லை என்று அடித்தார். ஆள் வாசலிலேயே நின்றான்.

"இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தது அவ. நான் மட்டும் உள்ள போனா நல்லாருக்காது. இதைப் பதிஞ்சு வை. கதவு தொறந்திருக்கு, நிக்கிறேன்னு அவகிட்டச் சொல்றேன்."

6. பிறகு

ரூபி அக்கா வரவில்லை. இரண்டு மணியானால் அந்தக் கேசட்டை ஏற்றிவைத்துவிட்டு ஜன்னலில் நிற்பேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு நானே கடைக்குப் போனேன். அண்ணாச்சி பார்வையைக் கணக்கு நோட்டில் புதைத்துக்கொண்டார்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றேன்.

அவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பேசினார். "தெரியும். அவரு சொன்னாரு. வாசல்ல நிக்காராம்ல. ஆனா நீ சொன்னப்ப என் நெஞ்சு நின்னு போச்சு தம்பி. அது பொய்யில்லையே."

அடுத்த வருஷம் முதலாளி சென்டரை மூடினார். இயந்திரங்களை வேறு யாரோ வாங்கிப் போனார்கள். எனக்கு அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பின்னாளில் அங்கேயும் கம்ப்யூட்டர் வந்தது. கவுண்டருக்கு அப்பால் ஆங்கிலம் தெரியாதவர்கள் நிற்பார்கள், இப்பால் நான். திரையில் என்ன இருக்கிறது என்பது நான் சொல்வதுதான். மனு தள்ளுபடியா, நிலுவையா, ஏற்கப்பட்டதா, எதுவானாலும் என் வாய் வழியாகத்தான் அவர்களுக்குப் போகும். ஓய்வு பெறும்வரை நான் திரையை அவர்கள் பக்கம் திருப்பிவைத்து, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து வாசித்தேன். மேலதிகாரிகள் கேலி செய்தார்கள். "அவுகளுக்குப் படிக்கவா தெரியப்போகுது? எதுக்கு சார் நேரத்தை வீணாக்குறீக?"

தெரியாதுதான். என் விரல் நிற்கும் இடத்தையாவது அவர்கள் பார்க்கட்டும் என்பேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேறொன்றும் இல்லை. ரூபி அக்காவுக்கு அன்று நான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டியது ஒரே ஒரு வரி: கதவு திறந்திருக்கிறது, உள்ளே போகிறாயா?